ஒண்டும் வெடிக்கல்ல

கல்முனை மெயின் வீதியில் நான் வேலை செய்த ஹாட்வெயார் கடையின் பின்மூலையில், பிழையாகக் கலந்த பெயின்ட் டின்கள் ஓர் அடுக்காகக் கிடந்தன. நிறம் கலக்கும் மெஷினில் நின்றவன் நான்தான். ஆட்கள் சின்ன அட்டையில் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். நான் கலந்து கொடுப்பேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் இரண்டு இழுவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நாங்க கேட்ட நிறமில்ல" என்று திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கத்தரிப்பூ நிறம் கேட்டவருக்கு ஈரல் நிறம் போயிருக்கும். முதலாளி அந்த மூலையைக் கடக்கும்போது என்னைப் பார்க்க மாட்டார். டின்களைத்தான் பார்ப்பார். அது என்னைப் பார்ப்பதைவிட மோசமாக இருக்கும்.

அந்த டின்களைக் கேட்டு ஒருவர் வந்தார். நெடிய ஆள், தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது, நடையில் ஒரு சின்ன இழுப்பு. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "தம்பி, பிழைச்ச நிறம் ஏதும் இரிக்கா?" என்றார்.

"பிழைச்சதெண்டா? டின் நெளிஞ்சதா காக்கா?" என்றேன். மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் 'காக்கா' என்போம், அண்ணன் என்று.

"இல்ல. நீங்க ஒண்டு நினைக்க மெஷின் வேற ஒண்டு நினைச்ச நிறம்."

மூலைக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு மூடியாக நெம்பித் திறந்து பார்த்தார். ஈரல் நிறத்தைக் கண்டதும், "இது மழைக்கு முந்தி பின்னேரத்தில கடலுக்கு மேல வார நிறமெல்லா" என்றார். பச்சையுமில்லாமல் மஞ்சளுமில்லாமல் ஒரு டின் இருந்தது. அதை முகர்ந்தே பார்த்தார். "இதக் கேட்டா ஒருத்தனாலயும் கலக்கேலா. நீங்க கேக்காமலே கலந்திரிக்கீங்க" என்று என் தோளில் தட்டினார். என் பிழைகளை ஒருவர் பாராட்டியது அன்றுதான். அதற்குப் பிறகு அவர் படம் கீறிய இடமெல்லாம் என் பிழைகள் தெரிந்தன. சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் எத்தனையோ த்ரீவீலர்களின் பின்பக்கத்தில் ஓடிய வானமெல்லாம் நான் கெடுத்த நீலங்கள்தான்.

ஆளை ஊருக்குத் தெரிந்தது இரண்டு விதமாக. ஆமியில், அதாவது இராணுவத்தில், இருந்துவிட்டு வந்தவர் என்பது ஒன்று. படம் கீறி முடித்ததும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை மறித்து, "பிழை செல்லுங்க" என்று, குறை சொல்லும்படி கேட்கிறவர் என்பது மற்றது. முதலாவதை மெதுவாகச் சொல்வார்கள். இரண்டாவதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒரு கேத்தலும் ஆவியும் கீறினார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி" என்றார். இவருடைய முகம் விழுந்துவிட்டது. விருந்துக்குப் போனவரை வாசலோடு அனுப்பிவிட்டது போல நின்றார். பிறகு பாண் கொண்டுவந்த ஆள் இறங்கி வந்து, "கேத்தல்ல தண்ணி நிக்காது காக்கா, மூக்கு கீழ நிக்கி" என்றார். இவர் அந்த ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அப்போதே மூக்கை அழித்தார்.

"நல்லா இரிக்கி எண்டு செல்லுறது ஸலாத்துக்குப் பதில் செல்லுற மாதிரி தம்பி" என்று என்னிடம் சொன்னார். "வாய் தானாச் செல்லும். பிழை செல்லுறவன்தான் பாத்திரிக்கான்."

அவருடைய கலியாணமும் அப்படித்தான் நடந்தது. மருதமுனையில் கைத்தறி நெய்கிற ஒரு பெண்ணைப் பேசினார்கள். பெண் வீட்டு விறாந்தையில் பெரியவர்கள் சுற்றி வளைத்துக் கதைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து தானே சொன்னார்: "ஒரு கால் முழங்காலுக்குக் கீழ பிளாஸ்டிக். ஆமியில இருந்தன். இப்ப படம் கீறுறன். இது மூணும் எனக்குத் தெரிஞ்ச பிழை. மத்ததுகள நீங்கதான் கண்டுபிடிக்கணும்." திரைக்கு உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது: "அந்தச் சேட்டுக்கு அந்த ட்ரௌசர ஆர் எடுத்துக் குடுத்தது எண்டு கேளுங்க." அவர் சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டதாம். வழமைப்படி பெண் வீட்டுக்கே குடிபோனார். தறியில் இருந்துகொண்டே அவள் அவருடைய நிறங்களில் குற்றம் பிடிப்பாள். "சண்டை பிடிக்கிறதுக்கு இவ்வளவு வடிவா ஒரு காரணம் எந்தப் புருசன் பெண்சாதிக்கும் கிடைக்காது" என்பார்.

ஆமிக் கதையை அவர் ஒரேயடியாகச் சொன்னதில்லை. பெயின்ட் எடுக்க வருகிறபோது, மெஷின் டின்னைக் குலுக்கி முடிக்கிற நேரத்துக்குள், ஒரு துண்டு சொல்வார். அடுத்த துண்டுக்கு அடுத்த டின் வரைக்கும் நான் காத்திருக்க வேண்டும்.

ஊரில் தொழிலில்லாத காலத்தில் சேர்ந்திருக்கிறார். முகாமில் கூட இருந்த சிங்களப் பையன்கள், தமிழ் பேசுகிறவர் என்பதால் அவரைத் 'தம்பியா' என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அது பகிடி. வன்னியில் தமிழ்ச் சனத்தோடு தமிழில் கதைக்கப் போனால், அவர்கள் உடுப்பைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். லீவில் ஊருக்கு வந்தால், கலியாண வீட்டில் இவர் நுழைந்ததும் கதை நின்றுபோகும். "மூணு பக்கமும் எனக்குச் சோறு போட்டாங்க தம்பி. பக்கத்தில இரிக்கத்தான் ஆரும் இடம் தரல்ல" என்று ஒருநாள் சொன்னார். அதையும் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் இருந்தது கண்ணிவெடி கிண்டுகிற பிரிவில். முழங்காலில் நின்று, கம்பியை மண்ணில் சரித்துச் சரித்துக் குத்தி, தட்டுப்படுகிறதா என்று பார்த்து நகர்கிற வேலை. வேர்வை கண்ணுக்குள் போனாலும் துடைக்க முடியாது. "அந்த வேலையில பிழை ஒருக்காத்தான் விடலாம்" என்றார். அவருடைய கால் போனது முன்னால் போனவர் தவறவிட்ட ஒன்றால். "அதால என்ட பிழை இன்னும் பாக்கி இரிக்கி."

புதுக் காலோடு நடக்கப் பழகிய இடத்தில் ஆளாளுக்கு ஒரு வேலை கொடுத்தார்களாம். சிலருக்குப் பிரம்பு. சிலருக்குத் தையல். இவருக்கு ஒரு பலகையும் ஒரு புரஷும். ஆஸ்பத்திரி வாட்டின் பெயரைச் சிங்களத்தில் எழுதச் சொன்னார்கள். இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். கடைசி எழுத்து பிழைத்துவிட்டது.

"பிழைச்சதக் கண்டோன்ன எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சி. கையெடுக்கேலாம அப்படியே நிக்கன். மூச்சும் விடல்ல. பக்கத்தில நிண்ட சாஜன் சீலையில தின்னரத் தொட்டு ஒரு துடை துடைச்சிட்டு, திருப்பி எழுது எண்டார். எழுத்து போயிட்டு. பலகை கிடக்கு. நானும் கிடக்கன். ஒண்டும் வெடிக்கல்ல."

அன்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். வாட்டில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம். பிறகு அந்தப் பலகையில் வேண்டுமென்றே பிழையாக எழுதி, அழித்து, எழுதி, பின்னேரம் வரைக்கும் விளையாடியிருக்கிறார். பிழைவிட்டால் மேலே பூசலாம் என்கிற ஒரு தொழில் உலகத்தில் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

ஊருக்கு வந்து முதலில் போர்ட் எழுதினார். பிறகு த்ரீவீலர். பிறகு கடற்கரைப் பக்கத்து ஐஸ் கொம்பனிச் சுவரில், கரைவலை இழுக்கிற ஒரு பெரிய படம். கயிற்றைப் பிடித்து இழுக்கிற ஆட்களை வரிசையாகக் கீறியிருந்தார். முகமெல்லாம் அச்சொட்டு. தங்கள் முகத்தைப் பார்க்க ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அஸர் தொழுகை முடிந்து பள்ளிப் பெரிய மௌலவியும் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆமியில் இருந்தவர் எதிர்த்துக் கதைக்கப் போகிறார் என்று கூட்டம் கூடிவிட்டது. பெயின்ட் கொண்டுபோன நானும் நின்றேன்.

மௌலவி நெடுநேரம் பார்த்தார். "படம் வடிவாத்தான் இரிக்கி. அதுதான் எனக்குக் கவலை. உயிருள்ளதக் கீறாதீங்க மகன். நம்மட மார்க்கத்தில அதுக்கு இடமில்ல" என்றார் மெதுவாக.

"சரி ஹஸரத். வேற பிழை?"

மௌலவி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறப்போனவர் இறங்கினார். அவரும் கரைவலைக்காரரின் மகன். "கயிறு இந்தப் பக்கம் இழுபடாது. நீரோட்டம் வடக்க இரிந்தா வலை அங்கால வளையும்" என்று விரலால் காற்றில் வளைத்துக் காட்டினார். காட்டக் காட்ட அவருக்கே சுவாரசியம் வந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, வலையின் மடியில் எங்கே முடிச்சு வரும் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இவர் கயிற்றைத் திருத்தினார். ஆட்களை என் பச்சை-மஞ்சளால் மூடினார். இழுக்க ஆளில்லாமல் கயிறு மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. அவர் வாடியிருந்ததை நான் கண்டது அந்தக் கிழமை ஒன்றுதான். "ஹஸரத் செல்லுறது சரிதான் தம்பி. ஆனா ஆளில்லாத கரை ஒரு கரையா?" என்றார்.

அதற்குப் பதில் அவர் நினையாத இடத்திலிருந்து வந்தது.

கடலுக்கும் கடற்கரை வீதிக்கும் நடுவே, மணல் ஏறாமலிருக்க ஒரு நீண்ட மதில் கட்டியிருந்தார்கள். தெற்குப் பாதி எங்கள் பக்கம். வடக்குப் பாதி தமிழ் மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கிற பக்கம். இரண்டு பக்க மீனவர் சங்கமும் படம் கீறச் சம்மதித்தன. தெற்கிலிருந்து தொடங்கிய அன்று, மீன் விற்கிற ஓர் அக்கா தலையில் அலுமினியப் பேசினோடு வந்து நின்றார். வடக்குப் பக்கத்து ஆள். வெற்றிலை வாய். அவருக்கு ஊரில் ஒருவரும் எதிர்வார்த்தை பேச மாட்டார்கள்.

"நீ ஆமியில இருந்தனியாம், உண்மையோ?"

"ஓம் அக்கா."

"என்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போனதும் ஆமிதான். விசாரிச்சிட்டு விடுறமெண்டு."

இவர் புரஷைக் கீழே வைத்தார். நான் அங்கே இருக்கவில்லை, அது என்னுடைய பிரிவில்லை என்று எதையும் சொல்லவில்லை.

"எங்கட பக்கத்துச் சுவரில நீ கை வைக்கப்படாது" என்றார் அக்கா.

"சரி அக்கா."

இவரே மதிலின் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்கு அங்கால் அவருடைய நிழல்கூட விழாமல் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். கடல், தோணி, வாடிக் குடிசை, காய்கிற வலை. தினமும் விடிய அக்கா பேசினோடு போவார். இவர் அவரை மட்டும் மறித்துப் பிழை கேட்க மாட்டார்.

ஒருநாள் அக்காவே நின்றார். படத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து பார்த்தார். நான் அப்போது த்ரீவீலரிலிருந்து டின் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி இது, செத்த ஊர் மாதிரிக் கிடக்கு. கரையில ஒரு மனிசர் இல்லையே."

"எங்கட மார்க்கத்தில ஆள் கீறக்கூடாது அக்கா."

"ஆளைக் கீறாட்டிப் போகட்டும். வலை இழுக்கிறவங்கள் செருப்பைக் கழட்டி எங்க போட்டாங்கள்? அதையும் கடல் கொண்டுபோட்டுதோ?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். இவர் புரஷைத் தூக்கியபடியே நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, கறுப்பு ரப்பர் நிறத்தில ஏதும் பிழைச்சிரிக்கா?" என்றார்.

அடுத்த சில கிழமை மதிலோரம் ஒரே சிரிப்பு. கரையில் ஈர மணலுக்கு மேலே வரிசையாகச் செருப்புகள் வந்தன. வார் அறுந்து ஊசி குத்தியது, ஒன்று நீலமும் மற்றது சிவப்புமாகச் சோடி மாறியது, தோணிகளின் சொந்தக்காரரான பெரிய சம்மாட்டியாரின் தோல் செருப்பு, அவசரத்தில் கழற்றிக் குப்புறக் கிடப்பது. முகத்தைக் கீறியபோது வந்த கூட்டத்தைவிட இதற்குத்தான் கூடுதலான கூட்டம் வந்தது. "இது என்ட." "இல்ல, அது என்ட, பின்னால கம்பி கட்டியிருக்கெல்லா." ஒருவர் தன் செருப்பை மதிலோடு பிடித்து ஒப்புப் பார்த்து, "எனக்கு இவ்வளவு அழுக்கில்ல" என்று சண்டைக்கு வந்தார். மௌலவியும் வந்தார். வரிசையைக் கடைசி வரை பார்த்துவிட்டு, "என்ட வாப்பா செருப்பே போடல்ல. அவருக்கு என்ன கீறுவீங்க?" என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, செருப்பு வரிசைக்கு நடுவில் வெறும் கால் தடம் ஒரு சோடியைப் பதித்தார். மௌலவி அந்த இடத்தில் நின்றுவிட்டு, "பிழை ஒண்டும் இல்ல" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் அந்தச் சொல்லுக்கு இவர் கோபப்படவில்லை.

பிறகு ஒரு காலை அக்கா பேசின் இல்லாமல் வந்தார். கையில் ஒரு துணிப்பை. சுண்ணாம்புக் கோட்டுக்கு அங்கால், தன் பக்கத்தில் போய் நின்று, பையிலிருந்து ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பை எடுத்து மணலில் வைத்தார். பழையது. ஆனால் தூசியில்லை.

"இதையும் கீறு" என்றார். "எங்கட பக்கத்தில."

இவர் கோட்டைத் தாண்டிப் போனார். பிளாஸ்டிக் காலோடு குந்த முடியாது என்பதால் அதை நீட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, அந்தச் செருப்பைக் கீறினார். அக்கா அந்த வெயிலில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மீனவர்கள் தூரத்தில் நின்றார்கள். முடிந்ததும் அவர் எழுந்து விலகி நின்றார். வழமையாகக் கேட்பதைக் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா கிட்டப் போய்ப் பார்த்தார்.

"வலது குதி இன்னும் தேய வேணும்" என்றார். "அவன் சரிஞ்சு நடப்பான்."

இவர் குனிந்து தேய்த்தார். "இவ்வளவு காணுமா அக்கா?"

"இன்னும் கொஞ்சம். நடக்கச்சொன்னால் ஆடிக்கொண்டு திரிவான், பெரிய சண்டியன் மாதிரி." சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? உங்கட வீட்டில செருப்பில்லையோ?" என்று அதட்டினார். அன்று பின்னேரமே வடக்குப் பக்கத்திலிருந்து ஆட்கள் பையோடு வரத் தொடங்கினார்கள். கோட்டை யார் அழித்தது என்று தெரியவில்லை. அழிந்திருந்தது.

கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படமெடுத்துப் போனார்கள். அவரைக் கூப்பிட்டு, பலகைகளில் கீறச் சொல்லி, ஒரு பெரிய மண்டபத்தில் வைத்தார்கள். படத்துக்குக் கீழே அவரைப் பற்றி என்ன போடுவது, முன்னாள் படைவீரர் என்றா, முஸ்லிம் ஓவியர் என்றா, தமிழ் ஓவியர் என்றா என்று கேட்டார்களாம். "கல்முனைக் கடற்கரையில செருப்புக் கீறுறவர் எண்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அப்படியே போட்டார்களாம். மனைவி அதைக் கேட்டுவிட்டு, "அந்த எழுத்துக்கு என்ன நிறம் அடிச்சாங்க?" என்றுதான் விசாரித்தாள்.

ஒரு மாரியில் கடல் உள்ளே வந்து மதிலின் அடியை அரித்தது. விழப்போகிறது என்று தெரிந்ததும், இரண்டு பக்கத்து ஆட்களும் கோடரியும் அலவாங்கும் கொண்டுவந்து, தங்கள் தங்கள் செருப்பு இருந்த துண்டைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அக்காவின் துண்டை எங்கள் பக்கத்து இளந்தாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி, மையத்துப் பெட்டியைச் சுமப்பது போல மெதுவாக நடக்க, "கலியாண வீட்டுக்குப் போற மாதிரிப் போங்கடா" என்று அக்கா பின்னால் வந்தார். இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "அந்த மூலை உடையும், கீழால பிடிங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். தன் படம் போகிறதே என்ற கவலை அந்த முகத்தில் துளியும் இருக்கவில்லை.

மதில் போன பிறகு, கொஞ்சம் உள்ளே தள்ளி மீன் ஏலம் போடுவதற்கு ஒரு புது மண்டபம் கட்டினார்கள். நான் பொத்துவிலுக்கு மாறிப்போக இருந்த நாட்கள் அவை. மண்டபச் சுவரில் படம் கீறுவது யார் என்று முடிவெடுக்க இரண்டு பக்கமும் அங்கேயே கூடியது. பெயின்ட் எவ்வளவு தேவை என்று பார்க்க என்னையும் வரச் சொன்னார்கள். அவர் கடைசி வரிசையில் இருந்தார். வேறு ஊர் ஆட்களின் பெயரும் இரண்டொன்று அடிபட்டது.

பள்ளிவாசல் தலைவர் எழும்பித் தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா எழும்பிவிட்டார். "இதில கதைக்க என்ன கிடக்கு? எங்கட ஆள் இருக்கேக்க வெளியாள் எதுக்கு?"

"அதத்தான் நானும் செல்ல வந்தன்" என்றார் பள்ளித் தலைவர். "ஆனா அவர் எங்கட ஆளெல்லா."

"எப்ப தொடக்கம்? உங்கட ஊரில கலியாண வீட்டில அவர் வந்தால் கதையை நிப்பாட்டினது ஆரு?"

"உங்கட சுவரில தொடவேணாமெண்டது ஆரு?"

"அது அக்கா தம்பிக்குள்ள நடந்தது. நீங்கள் ஆர் அதைக் கேக்க?"

இரண்டு பக்கமும் எழும்பிவிட்டது. மருதமுனைத் தறிக்காரர்கள் மூன்றாவது பக்கமாக எழும்பி, மாப்பிள்ளை இருப்பது எங்கள் ஊரில், ஆகவே எங்கள் ஆள் என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசை வெறுமையாக இருந்தது.

வெளியே, இன்னும் ஈரம் காயாத சுவரோடு சாய்ந்து மணலில் இருந்தார்.

"காக்கா, உள்ள வாங்க. பெரிய சண்டையாகப் போகுது. நீங்க வந்து ஒரு வார்த்தை செல்லுங்க."

அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கொஞ்சம் இரிங்க தம்பி" என்றார். "நல்லாச் சண்டை பிடிக்கட்டும்."

உள்ளே சத்தம் கூடிக்கொண்டே போனது. 'எங்கட ஆள்' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் வேறொரு குரலில் வந்தது. அவர் காலை நீட்டி, கண்ணை மூடி, பாட்டுக் கேட்பது போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.